வித்துடுங்க சார்!

பழைய கார் வைத்திருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது அவர்கள் காதில் விழுகிற வார்த்தை இது: ‘வித்துடுங்க சார்!’

சிக்னலில் வண்டி ஒரு தரம் நின்றுபோனால், பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கிச் சொல்வார். அபார்ட்மென்ட் செகரெட்டரி சொல்வார். சொந்த மச்சான் சொல்வார் (அவர் போன மாசம்தான் ஏழு வருஷ லோனில் ஒரு பெரிய வண்டி எடுத்திருப்பார்). டயருக்குக் காற்று பிடிக்கிற பையன்கூடச் சொல்வான். ‘என்ன கோளாறு?’ என்று மட்டும் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

கேட்டிருந்தால் பல நேரம் பதில் ரொம்பச் சின்னதாக இருந்திருக்கும். ஒரு கைக்குள் அடங்குகிற சமாச்சாரம். பெயர் கார்புரேட்டர். பட்டறை பாஷையில் ‘கார்ப்பட்டர்’.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இன்ஜின் காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்று வருகிற வழியில் ஒரு குறுகலான தொண்டை. குறுகலில் காற்று வேகமெடுக்கும். வேகமெடுத்தால் அங்கே அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்த இடத்துக்குப் பக்கத்துக் குட்டித் தொட்டியிலிருந்து பெட்ரோல் தானாக ஏறி வந்து, தூறலாகிக் காற்றோடு கலந்துவிடும். அவ்வளவுதான். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. ஒரு கிராம் பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிராம் காற்று என்கிற கெமிஸ்ட்ரி கணக்கை, நாலைந்து பித்தளைத் துவாரங்களையும் ஒரு மிதவையையும் வைத்தே கிட்டத்தட்ட சரியாகப் போட்டுவிடுகிற பொருள். இதைக் கண்டுபிடித்த மூளைகளுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

சென்னைக்கு இதில் சொந்தப் பெருமையும் உண்டு. மாருதிக்காக மிகுனி கார்புரேட்டர் செய்ய ஜப்பான் கம்பெனியோடு கூட்டு சேர்ந்து 1985-ல் ஆரம்பித்த யூகால் நம்ம மறைமலை நகரில்தான் ஃபேக்டரி போட்டது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, அதற்கு முந்தைய பத்மினி, அம்பாசடர் என்று இந்தியாவின் நடுத்தர வர்க்கம் பெட்ரோலில் ஏறிப் போன அத்தனை வண்டியிலும் கார்புரேட்டர்தான். 2000-ல் மாருதி 800-க்கே எம்.பி.எஃப்.ஐ. வந்தது. கார்களில் இதன் கதை மெல்ல முடிந்தது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ்-6 வந்தபோது பைக்குகளிலிருந்தும் கிட்டத்தட்ட விடைபெற்றுக்கொண்டது.

புதுசு வந்தால் பழசு போகும், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பழசைச் சரி பண்ணத் தெரியாதவர்கள், ‘சரி பண்ணவே முடியாது’ என்று தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தார்களே, என் சண்டை அவர்களோடுதான்.

என்னிடம் ஒரு 1994 மாடல் மாருதி 800 இருக்கிறது. சில வருஷம் முன்னால் ஐடிலிங் நிற்கவில்லை. பெயர் சொல்ல வேண்டாம், ஏ.சி. போட்ட வரவேற்பறையும் காபி மிஷினும் வைத்த ஒரு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். டை கட்டிய இளைஞர் பவ்யமாக வரவேற்றார். கையில் ஸ்கேனர். அதன் ஒயரைப் பிடித்துக்கொண்டு டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்து ரொம்ப நேரம் தேடினார். நிமிர்ந்து, ‘கனெக்ட் பண்ற சாக்கெட்டே இல்லையே சார்?’ என்றார். இல்லைதான். 1994-ல் அந்த வண்டிக்கு அது தேவைப்படவில்லை. பானெட்டைத் திறந்து பார்க்கலாமே என்றேன். திறந்தார். இன்ஜினைப் பார்த்தார். மியூசியத்தில் குழந்தைகள் பார்ப்பார்களே, அப்படி. பிறகு உள்ளே போய் சீனியரைக் கூட்டி வந்தார். சீனியர் குனியக்கூட இல்லை. ‘கார்புரேட்டர் அசெம்பிளி இப்ப வர்றதில்ல சார். எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் போயிட்டிருக்கு. வித்துடுங்க சார்.’

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். எதைக் கழற்றுவது என்று சொல்லித்தர ஆளில்லை, எதை விற்பது என்று சொல்லித்தர மட்டும் ஆள் இருக்கிறது. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுக்காமலே, ‘பேஷன்ட்டுக்கு வயசாயிடுச்சு, வேற ஆள் பாத்துக்கோங்க’ என்றால் விடுவோமா?

‘நீ காமர்ஸ் படிச்சவன், உனக்கு இன்ஜினில் என்ன வேலை?’ என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. ‘வித்துடுங்க’ என்பது மெக்கானிக் தருகிற தீர்ப்பு இல்லை, கணக்குப்பிள்ளை தருகிற தீர்ப்பு. அதுவும் தப்புக் கணக்கு.

வருமான வரிக் கணக்கில் காருக்குப் பொதுவாக வருஷம் 15 சதவீதம் தேய்மானம். ‘குறைந்து செல் இருப்பு முறை’ என்று பிளஸ் ஒன்னில் படித்திருப்பீர்கள். அந்தக் கணக்கில் ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கிய கார் 25 வருஷத்தில் புத்தகத்தில் 1,720 ரூபாய் சொச்சம் ஆகிவிடும். நல்ல டின்னருக்குப் பத்தாது. ஆனால் இந்தத் தேய்மானம் நடப்பது பேரேட்டில். வண்டியில் நடப்பது வேறு. அங்கே டயாஃப்ரம் காய்ந்து விறைக்கிறது, நீடில் வால்வின் முனை தேய்கிறது, பேக்கிங் சுருங்குகிறது, ஜெட்டில் பழைய பெட்ரோல் பிசின் மாதிரி படிகிறது. எது தேய்ந்தது என்று பெயர் சொல்லி ஒவ்வொன்றாக மாற்ற முடிந்தால் அது ரிப்பேர். பெயரே தெரியாமல் மொத்தத்தையும் தள்ளிவிட்டால் அது ரைட்-ஆஃப். நம் ஊரில் முதலாவதைச் செய்யச் சோம்பல்பட்டு இரண்டாவதற்கு ‘அப்கிரேட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மறுபக்கக் கணக்கையும் போட்டுவிடுவோம். ஆறு லட்சம் கடன், ஒன்பது சதவீத வட்டி, ஏழு வருஷம். மாசத் தவணை 9,650 ரூபாய் வரும். அந்த ஒரு மாசத் தவணையில் கார்புரேட்டரை முழுசாகப் பிரித்துக் கோர்த்து, பாயின்ட், கண்டென்சர், பிளக் எல்லாம் மாற்றி, மெக்கானிக்குக்கும் அவர் பையனுக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்துவிட்டு மிச்சமும் பிடிக்கலாம். அதற்கு வேண்டிய ரிப்பேர் கிட், ஒரு சின்ன பிளாஸ்டிக் கவருக்குள் ரப்பரும் பேப்பருமாகச் சில நூறு ரூபாய் சாமான். ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ தேடினால் பல மாடல்களுக்குக் கிடைக்கும்.

ஒழுங்காக ஓவர்ஹால் செய்வது எப்படியிருக்கும் என்று பலரும் பார்த்ததில்லை. ‘ஓவர்ஹால்’ என்ற பெயரில் ஸ்ப்ரே அடித்துத் துடைத்துக் கொடுப்பதைத்தான் பார்த்திருக்கிறார்கள். பத்மினியின் சோலெக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள், ஒற்றைத் தொண்டை, சிக்கலில்லாதது.

நல்ல மெக்கானிக் முதலில் கார்புரேட்டரைத் தொடவே மாட்டார். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் சொல்வார்: ‘பாதி கார்ப்பட்டர் கம்ப்ளெய்ன்ட் கரன்ட்டுல இருக்கும் சார்.’ டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயின்ட் இடைவெளி, கண்டென்சர், பிளக், டைமிங், பிறகு வால்வு கிளியரன்ஸ். அத்தனையும் சரி என்றான பிறகுதான் கை இந்தப் பக்கம் வரும். பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தையும் பார்ப்பார். வெளிர் காபி நிறம் என்றால் கலவை சரி. கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளை வெளேரென்றிருந்தால் காற்று அதிகம். எழுபது ரூபாய் பிளக் ஓசியில் தருகிற லேப் ரிப்போர்ட் அது.

அடுத்தது, இன்ஜின் ஆறிய பிறகு, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் பீடிக்காரர் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, இறக்குவது. கழற்றுமுன் எந்தக் கம்பி எந்தத் துளையில் என்று செல்போனில் நாலு படம். (இந்த ஒரு விஷயத்தில் புது டெக்னாலஜிக்கு என் பரிபூரண ஆதரவு.) மிக்ஸர் ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன்னால், அதை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அடியில் தட்டுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். ‘மெதுவாக’ என்றால் இரண்டு விரலால். முரட்டுத்தனமாக இறுக்கினால் அதன் கூர்முனையில் வளையம் மாதிரிப் பள்ளம் விழுந்துவிடும். பிறகு ஆயுசுக்கும் ஐடிலிங் நிற்காது.

ஜெட்டுகள் பித்தளை. மென்மையானது. தலைக்குப் பொருந்தாத திருப்புளியைப் போட்டு அழுத்தினால் வெட்டு பிய்ந்துபோகும். கழற்றிய ஒவ்வொன்றையும் தட்டில் வரிசையாக வைத்து, தலையில் பொறித்த நம்பரை எழுதிக்கொள்ள வேண்டும். மெயின் ஜெட், ஸ்லோ ஜெட், ஏர் ஜெட், மூன்றும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இடம் மாறினால் கதை கந்தல்.

இந்த இடத்தில்தான் என் ஜன்ம விரோதி வருகிறார். கையில் கம்பியோடு.

ஜெட்டில் அடைப்பு என்றால் கிளட்ச் ஒயரிலிருந்து ஒரு இழையைப் பிய்த்து உள்ளே விட்டுக் குடைகிற மெக்கானிக்குகள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். சோலெக்ஸில் 120 என்று பொறித்திருந்தால் துவாரம் 1.20 மில்லிமீட்டர் என்று அர்த்தம். இரும்பு இழை அதைச் சுரண்டி 1.25 ஆக்கிவிட்டது என்று வையுங்கள். ஒரு மில்லிமீட்டரை இருபது கூறு போட்டால் அதில் ஒரு கூறு. கண்ணுக்கே தெரியாது. ஆனால் துவாரத்தின் பரப்பு எட்டரை சதவீதம் கூடிவிடும். ஏறக்குறைய அந்த அளவு பெட்ரோல் கூடுதலாகப் போகும், வண்டி உயிரோடு இருக்கிற வரைக்கும். அப்புறம் மைலேஜ் இல்லை, கறுப்புப் புகை, பெட்ரோல் நாற்றம். ‘பழைய வண்டின்னாலே இப்படித்தான் சார், வித்துடுங்க’ என்று அதே ஆள் சொல்வார். சர்வீஸ் சென்டர்காரர் தொடாமல் கொன்றார் என்றால், இவர் தொட்டுக் கொன்றார். பலன் ஒன்றுதான்.

சரியான முறையில் கம்பிக்கு வேலையே இல்லை. ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் தனியே எடுத்துவிட்டு, உடம்பைக் கிளீனரில் ஊற வைத்து, ஒவ்வொரு வழியிலும் கம்ப்ரஸர் காற்றை விட்டு, அந்தப் பக்கம் வருகிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பது. பிடிவாதமான அடைப்புக்கு நைலான் இழை. மிதவை பித்தளை என்றால் காதருகே வைத்து ஆட்டுவார்கள். உள்ளே தளும்பினால் ஓட்டை. எங்கே ஓட்டை என்று தெரிய வெந்நீரில் முக்கினால் போதும், உள்காற்று சூடாகி அந்த இடத்தில் குமிழ் விடும். நீடில் வால்வை மூடிய நிலையில் பிடித்து வாயால் ஊதிப் பார்ப்பது. காற்று போனால் பெட்ரோலும் போகும், தொட்டி வழியும். சோலெக்ஸில் மிதவை மட்டம் வைப்பது இன்னும் அழகு. நீடில் வால்வுக்கு அடியில் போடுகிற வாஷரின் தடிமனை மாற்றி மட்டத்தை ஏற்றி இறக்குவார்கள். கேரேஜ்காரர் அந்த வாஷரைத் தொலைத்துவிட்டுக் கையில் கிடைத்த வாஷரைப் போட்டால், அன்றையிலிருந்து அந்த வண்டிக்குத் தீராத வியாதி.

பெடலை அழுத்தியதும் வண்டி ஒரு கணம் திக்கி, பிறகு பாய்கிறதா? ஆக்ஸிலரேட்டர் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கும். எத்தனை திருகினாலும் ஐடிலிங் நிலைக்கவில்லையா? எங்கேயோ ‘காத்து வாங்குது’. வருஷக்கணக்காக நட்டை முறுக்கி முறுக்கி அடி ஃபிளான்ஜ் வளைந்துபோயிருக்கும். தட்டையான கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து, அதில் வைத்துத் தேய்த்தால் எந்த இடம் பளபளக்கிறது, எந்த இடம் தொடவே இல்லை என்று தெரிந்துவிடும். த்ராட்டில் தண்டு ஆடினால் புஷ் போட வேண்டும், அது லேத்துக்காரர் வேலை. பேக்கிங்குக்கு மேல் தாராளமாக கம் தடவுகிறவரைக் கண்டால் வண்டியோடு ஓடிவந்துவிடுங்கள். அந்த கம் பெட்ரோலில் ஊறிப் பிசிறி, நேராக ஸ்லோ ஜெட்டில் போய் உட்காரும்.

எல்லாம் கோர்த்து மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு கடைசி வேலை ட்யூனிங். ஐடிலிங்கை ஒரு வேகத்தில் வைத்துவிட்டு, மிக்ஸர் ஸ்க்ரூவை உள்ளே திருகிக்கொண்டே போனால் இன்ஜின் ஒரு இடத்தில் தள்ளாடும். வெளியே எடுத்துக்கொண்டே வந்தால் சத்தம் ஒரு இடத்தில் சீராகும். இன்னும் எடுத்தால் மறுபடி கனத்துப்போகும். அந்தச் சீரான இடம்தான் இலக்கு. அரைச் சுற்று, கால் சுற்று, அரைக்கால் சுற்று. நான் சொன்ன பெரியவர் இதைச் செய்யும்போது கண்ணை மூடிக்கொள்வார். மியூசிக் அகாடமியில் ஸ்ருதி சேர்ப்பவர்களுக்குக் கிடைக்கிற மரியாதை இவருக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அவருக்குக் கிடைப்பது, ‘ஒரு ஸ்க்ரூவைத் திருப்புனதுக்கு இவ்ளோ கேக்குறியா?’

இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. புகை என்பது வயசில் வருவதில்லை. மேலே சொன்ன வாஷரில், ஜெட்டில், ஸ்க்ரூவில் வருகிறது. ஆனால் நம் சட்டம் எதைப் பார்க்கிறது?

பிறந்த தேதியை.

பதினைந்து வருஷம் ஆன கார் ஆர்.சி.யைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ஆனது. 2025 ஆகஸ்ட்டில் இன்னொரு அறிவிப்பு: இருபது வருஷத்தைத் தாண்டிய கார் என்றால் 10,000. ஓவர்ஹால் பண்ணி ஸ்ருதி சுத்தமாக வைத்திருப்பவருக்கும் பத்தாயிரம், கம்பி விட்டுக் குடைந்து ஊரைக் கறுப்பாக்குகிறவருக்கும் பத்தாயிரம். அப்புறம் எதற்கு ஒருத்தர் ஓவர்ஹால் செய்ய வேண்டும்?

டெல்லியில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அங்கே பத்து வருஷ டீசல், பதினைந்து வருஷ பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை என்பதை 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியிருந்தது. 2025 ஜூலை 1-ம் தேதி முதல் வயசான வண்டிக்குப் பெட்ரோலே போடக் கூடாது என்று பங்க்குகளில் கேமரா வைத்தார்கள். மக்கள் கொதித்ததும் சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள். நான் கவனித்தது வேறு. அந்தக் கேமரா எதைப் படம் பிடித்தது? நம்பர் பிளேட்டை. அதற்கு ஒரு அடி கீழே இருக்கிற புகைக் குழாயை யாரும் பார்க்கவில்லை.

அளக்க வழியில்லாமலா? விதி இருக்கிறது. பாரத் ஸ்டேஜ்-2க்கு முந்தைய பெட்ரோல் கார் ஐடிலிங்கில் விடுகிற கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஹைட்ரோகார்பனுக்கு 1,500 பி.பி.எம். எல்லை. அளக்கிற மெஷின் ஊர் முழுக்க இருக்கிறது. என்ன நடக்கிறது என்பதும் ஊருக்கே தெரியும். டெஸ்ட்டுக்கு முன்னால் மிக்ஸர் ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே, சர்டிபிகேட் கைக்கு வந்ததும் அரைச் சுற்று வெளியே. சில இடத்தில் அந்தச் சிரமம்கூட இல்லை, வண்டி வராமலே சர்டிபிகேட் வந்துவிடுகிறது. இந்த ஓட்டையை அடைக்கத் துப்பில்லாதவர்கள் வயசைக் காட்டிக் கட்டணத்தை ஏற்றுகிறார்கள். அளப்பது கஷ்டம், எண்ணுவது சுலபம். அதனால் வருஷத்தை எண்ணுகிறார்கள்.

நியாயத்தையும் பேசிவிடுவோம். கன்வர்ட்டர் இல்லாத கார்புரேட்டர் வண்டி, எவ்வளவு அழகாக ட்யூன் பண்ணினாலும், இன்றைய பாரத் ஸ்டேஜ்-6 காரைவிடக் கிலோமீட்டருக்கு அதிகமாகத்தான் அசுத்தம் விடும். இதை மறுக்கிற பழைய கார் பக்தர்களோடு நான் சேர மாட்டேன். ஏர்பேக் இல்லை, பிரேக் அந்தக் காலத்தது, அதுவும் உண்மை. ஆனால் ரிட்டயர்டு வாத்தியார் மாசத்துக்கு நாலு தடவை கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் எடுக்கிற மாருதியும், நாள் முழுக்க ஊரைச் சுற்றுகிற புது டாக்ஸியும் வருஷக் கடைசியில் யார் எவ்வளவு புகை விட்டார்கள் என்று கூட்டிப் பார்த்தால், வித்தியாசம் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடக் கூடியதாக இருக்காது. புது கார் ஒன்றைச் செய்யவே பல டன் கார்பன் காற்றில் போகிறது, அதை எந்த நம்பர் பிளேட்டிலும் எழுதுவதில்லை. நான் விலக்குக் கேட்கவில்லை. ஒழுங்காக அள, அளந்ததற்குத் தக்க வாங்கு என்கிறேன். 3 சதவீதத்தின் விளிம்பில் நிற்கிறவரிடம் பத்தாயிரம் வாங்கு. அதில் பாதிக்குக் கீழே இருப்பவரிடம் பழைய 600 வாங்கு. அடுத்த மாசமே ஊரில் இருக்கிற அத்தனை கார்புரேட்டரும் மெக்கானிக் மேஜையில் பிரிந்து கிடக்கும்.

இதற்கு நடுவில் எத்தனால் வேறு வந்து சேர்ந்தது. 2025-ல் நாடு முழுக்கப் பங்க்குகளில் இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், இ-20. கரும்பு விவசாயிக்கு நல்லது, அந்நியச் செலாவணிக்கு நல்லது என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் எத்தனால் எரிய பெட்ரோலைவிடக் காற்று குறைவாகத்தான் தேவை, ஒரு கிராமுக்குச் சுமார் 9 கிராம். இருபது சதவீதம் கலந்தால் அந்த 14.7 கணக்கு ஏறக்குறைய 13.5-க்கு இறங்கிவிடும். புது வண்டியில் சென்சார் இதை மோப்பம் பிடித்துக் கூடுதலாகப் பீய்ச்சிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு மூக்கு ஏது? அதன் துவாரம் 120 என்றால் 120தான். கலவையில் காற்று கூடிப்போய் இன்ஜின் சூடாகும், திக்கும். போதாக்குறைக்கு எத்தனால் தண்ணீரை உறிஞ்சும். நாள்கணக்கில் நிற்கிற வண்டியின் தொட்டிக்குள் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். பழைய ரப்பரை ஊற வைத்து உப்ப வைக்கும்.

இதைச் சொன்னால் பயமுறுத்துகிறேன் என்பார்கள். 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, பத்து சதவீதக் கலப்புக்கு ட்யூன் செய்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று எழுதியிருக்கிறது. 2025 ஆகஸ்ட்டில் பெட்ரோலிய அமைச்சகம் தந்த விளக்கத்திலும், சில பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் பேக்கிங்குகளையும் கொஞ்சம் முன்னதாகவே மாற்ற வேண்டியிருக்கலாம், செலவு குறைவுதான், வழக்கமான சர்வீஸிலேயே செய்துகொள்ளலாம் என்றிருக்கிறது.

எந்த சர்வீஸில்? டாஷ்போர்டுக்கு அடியில் சாக்கெட் தேடினாரே, அந்த சர்வீஸிலா?

அமைச்சகம் சொன்ன வேலைக்குப் பெயர்தான் கார்புரேட்டர் ஓவர்ஹால். அதைச் செய்யத் தெரிந்த கைகள் புதுப்பேட்டையிலும் கோவையிலும் மதுரையிலும் இன்னும் இருக்கின்றன, பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய கைகள். ஒரு பக்கம் ‘சர்வீஸில் மாத்திக்கோ’ என்று சொல்லிவிட்டு, இன்னொரு பக்கம் அந்த சர்வீஸுக்கு வருகிற வண்டியையே கட்டணம் போட்டு விரட்டினால், பெரியவரின் பையன் எதற்காக இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்வான்? அவன் இப்போது உணவு டெலிவரிக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

இன்னொரு விஷயம். 14.7-லிருந்து 13.5-க்கு இறங்குகிறது என்றேனே, காகிதக் கணக்கில் அதைச் சரிக்கட்ட பெட்ரோல் எட்டு, ஒன்பது சதவீதம் கூட வேண்டும். 120 ஜெட் இருக்கிற இடத்தில் 125 போட்டால் ஏறக்குறைய அந்தக் கணக்கு வந்துவிடும். கம்பிக்காரர் குருட்டாம்போக்கில் செய்கிற அதே ஐந்து நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர், இங்கே அளந்து துளைத்த ஜெட்டாக வர வேண்டும். கடைசித் தீர்ப்பு பிளக்கின் நிறத்தைப் பார்த்துத்தான். ஏற்கெனவே குடைந்து பெரிதான ஜெட் என்றால் அதற்கு வேறு வைத்தியம். பங்க்குக்குப் பங்க் இ-20 ஸ்டிக்கர் ஒட்டத் தெரிந்த எண்ணெய் கம்பெனிகளுக்கு, எந்தப் பழைய வண்டிக்கு எந்த நம்பர் ஜெட், எந்த வகை ரப்பர் என்று அரைப் பக்கம் அச்சடித்துப் பக்கத்திலேயே ஒட்டுவது அவ்வளவு பெரிய காரியமா? அந்த வண்டிகளைச் செய்து விற்று லாபம் பார்த்த கம்பெனிகளிடம் அந்த அளவுகள் இல்லாமலா போகும்?

அந்த அரைப் பக்கம் வருகிற வரைக்கும் பழைய கார் வைத்திருப்பவர்கள் இரண்டு காரியம் செய்யலாம். பெட்ரோல் பைப்பையும் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்குகிற ரப்பரில் கேட்டு வாங்குங்கள், வைட்டான் என்று சொன்னால் நல்ல கடைக்காரருக்குப் புரியும். ஜெட்டை மாற்றினால், கழற்றிய பழைய ஜெட்டை மெக்கானிக்கிடமே விட்டுவிட்டு வராதீர்கள். ஒரு ஃபிலிம் டப்பாவில் போட்டு, வண்டி நம்பரையும் ஜெட் நம்பரையும் மிக்ஸர் ஸ்க்ரூவின் சுற்று எண்ணிக்கையையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வைத்து, ஆர்.சி. புக்கோடு பத்திரப்படுத்துங்கள்.